மிதிக்குக் காப்பு உண்டு, சூட்டுக்கு?

அமெரிக்காவில் மரச்சட்டங்களால் கட்டும் வீடுகளில் சீலிங்குக்கும் கூரைச் சரிவுக்கும் நடுவே இருண்ட வெளி ஒன்று இருக்கும். அட்டிக் என்று எல்லோரும் சொல்லும் இந்த இடத்தைப் பெரும்பாலான வீடுகளில் முடித்துக் கட்டுவதில்லை. தரை கிடையாது, சுவர் கிடையாது. மேலே கைமரங்கள், கீழே சீலிங் பலகையைத் தாங்கும் ஜாய்ஸ்ட் கட்டைகள், அவற்றின் இடையே கொட்டிய இன்சுலேஷன் பஞ்சு, அவ்வளவுதான். வீட்டு வயரிங்கில் கணிசமான பங்கு இதைக் கடந்துதான் போகிறது. ஓர் அறைக்குப் புதிதாக விளக்கோ பிளக் பாயின்ட்டோ வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியன் முதலில் ஏறிப் பார்ப்பதும் இங்கேதான். சுவரை உடைக்காமல் எந்த அறைக்கும் மேலிருந்து கம்பியை இறக்கிவிடலாம்.

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வது தேசிய மின் விதித்தொகுப்பு. என்.இ.சி. என்று தொழிலில் வழங்கும் இந்த நூல் 1897-இல் முதலில் வெளிவந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தம் காண்கிறது. வீடுகளில் சாதாரணமாகப் போடும் பிளாஸ்டிக் உறைக் கேபிளுக்கு, அதாவது என்.எம். கேபிளுக்கு, அதில் 334-ஆம் பகுதி. அட்டிக்கைப் பற்றிக் கேட்டால் அது நம்மை 320.23-க்கு அனுப்புகிறது. அங்கே இருப்பது சில வாக்கியங்கள். லட்சக்கணக்கான வீடுகளில் மனிதர்கள் உறங்குவது அந்த வாக்கியங்களுக்குக் கீழே என்பதால் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதல் வாக்கியம் காலைப் பற்றியது. ஜாய்ஸ்ட் கட்டைகளின் மேல்முகத்தில் குறுக்காகக் கேபிள் ஓடினால், கேபிளின் உயரத்துக்குக் குறையாத மரச்சட்டங்களை அதன் இருபுறமும் அடிக்க வேண்டும். கைமரங்களின் முகத்தில் குறுக்காக ஓடினாலும், தரையிலிருந்து 7 அடிக்குள் இருந்தால் அதே காப்பு வேண்டும். கட்டையின் பக்கவாட்டில், அதன் நீளத்தோடு ஓடினால் சட்டம் தேவையில்லை. ஆனால் ஆணி, திருகு ஏறும் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். இவற்றோடு நூலின் மற்றப் பகுதிகள் கேட்பது: நாலரை அடிக்கு ஒரு ஸ்டேபிள், பெட்டியிலிருந்து 12 அங்குலத்துக்குள் ஒன்று. இணைப்பு எதுவானாலும் பெட்டிக்குள், அந்தப் பெட்டியும் பிற்பாடு எட்டித் திறக்கக்கூடிய இடத்தில்.

இதில் குறை சொல்ல அதிகமில்லை. 12 கேஜ் கம்பிகள் இரண்டு கொண்ட ஒரு 12/2 கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதன் அவசியம் தெரியும். மஞ்சள் உறை, அதற்குள் கருப்பும் வெள்ளையுமாக இரண்டு கம்பிகள், நடுவே உறையில்லாத எர்த் கம்பி. வெளியுறையின் கனம் ஒரு மில்லிமீட்டரைத் தொடுவதே பெரிது. மரக்கட்டையின் கூர்விளிம்பில் இதை வைத்து ஒரு ஆளின் எடை பலமுறை இறங்கினால் உறை நசுங்கும். கருப்புக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் மட்டுமே. ஸ்டேபிளைச் சுத்தியலால் ஓங்கி அடித்துக் கேபிளைக் கட்டைக்குள் பதியவைக்கும் பழக்கமும் இதே சேதத்தைத்தான் செய்கிறது. அந்தச் சேதம் அன்றைக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை. மிதிக்குக் காப்பு என்ற அளவில் 320.23 தெளிவானது, செலவு குறைந்தது, ஒரு தச்சனுக்கும் புரியக்கூடியது.

சிக்கல் அடுத்த வாக்கியத்தில். அட்டிக்குக்கு நிரந்தரப் படியோ ஏணியோ இல்லையென்றால், ஏறும் திறப்பின் விளிம்பிலிருந்து 6 அடிக்குள் மட்டும் காப்புச் சட்டம் போதும் என்கிறது விதி. அதைத் தாண்டிக் கேபிள் கட்டைகளின் மேல் வெறுமனே கிடக்கலாம்.

இந்த விலக்கின் பின்னால் இருப்பது ஒரு காட்சி: வீட்டுக்காரர் அலமாரிக்கு மேலுள்ள பலகையைத் தள்ளித் தலையை நீட்டுகிறார், எட்டும் தூரத்தில் ஒரு பெட்டியை வைக்கிறார், இறங்கிவிடுகிறார். ஒரு காலத்தில் அது பொருந்தியிருக்கும். இன்றைக்கு டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் ஏ.சி.யின் காற்று இயந்திரமே அட்டிக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் போகப் பலகைப் பாதை போடச் சொல்லிக் கட்டட விதி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் குளியலறை விசிறி மாற்ற வருபவர், இணையக் கேபிள் இழுப்பவர், சோலார் பலகைக்குக் கம்பி இறக்குபவர், எலி பிடிக்க வருபவர், இன்சுலேஷன் ஊதுபவர் யாரும் அந்தப் பாதையோடு நிற்பதில்லை. அவர்களின் வேலை கூரை ஓரத்தில், தலை நிமிர முடியாத மூலையில். அங்கே முழங்காலிட்டுத்தான் போக வேண்டும். ஏணி நிரந்தரமா, தற்காலிகமா என்பதை வைத்து ஆள் எவ்வளவு தூரம் போவார் என்று கணிப்பது இன்றைய வீட்டுக்குப் பொருந்தாத கணிப்பு.

பஞ்சின் ஆழம் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஐம்பது, அறுபதுகளில் கட்டிய வீடுகளில் மூன்றரை அங்குலம் இன்சுலேஷன் இருந்தாலே பெரிது. கட்டையின் தலை வெளியே தெரியும், கேபிளும் தெரியும், பார்த்துக் கால் வைக்கலாம். 2021-இன் எரிசக்தி விதி வெப்பத் தடுப்பை அளக்கும் ஆர் மதிப்பில் குளிர்ப் பகுதிகளுக்கு ஆர்-60, வெப்பப் பகுதிகளிலேயே ஆர்-49 என்று கேட்டது. ஊதும் பஞ்சில் இது ஒன்றரை அடியை ஒட்டி வரும் ஆழம். அத்தனை பஞ்சுக்கடியில் கட்டை எங்கே, கேபிள் எங்கே, காப்புச் சட்டம் எங்கே என்று எவருக்கும் தெரியாது. காலால் தடவித் தடவிக் கட்டையைத் தேடுகிறார்கள். கட்டையின் தலையைத் தேடும் கால் முதலில் கண்டுபிடிப்பது அதன் மேல் கிடக்கும் கேபிளை.

காணாத கம்பி என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியா மிகக் கடுமையான விலை கொடுத்திருக்கிறது. உலகப் பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க 2009-இல் அந்த நாட்டு அரசு வீட்டுக் கூரைகளுக்கு இன்சுலேஷன் போடும் திட்டம் ஒன்றை அவசரமாகத் தொடங்கியது. பயிற்சியில்லாத இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூரைக்குள் ஏறினார்கள். அந்த அக்டோபருக்கும் அடுத்த பிப்ரவரிக்கும் இடையே நான்கு பேர் இறந்தார்கள். மூவர் குவீன்ஸ்லாந்தில் மின்சாரம் பாய்ந்து. அவர்களில் இருவர் அலுமினியத் தாள் இன்சுலேஷன் விரித்தபோது. அந்தத் தாளை உலோக ஸ்டேபிளால் மரத்தில் அடிக்கையில், அடியில் ஓடிய கேபிளை ஸ்டேபிள் துளைத்தால் தாள் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். நான்காமவர் சிட்னியில், கூரைக்குள் நிலவிய வெப்பத்தாலேயே உடல் சூடேறி இறந்தார். நியூசிலாந்தில் அதற்கு முன்பே இதே தாளால் மரணங்கள் நிகழ்ந்திருந்தன. அந்த எச்சரிக்கை கையில் இருந்தும் திட்டம் ஓடியது. இயன் ஹேங்கர் தலைமையிலான அரச விசாரணைக் குழு 2014-இல் அளித்த அறிக்கை அரசின் அவசரத்தையும் மேற்பார்வைக் குறைவையும் நேராகச் சாடியது. இறந்தவர்களில் ஒருவர் பதினாறு வயதுப் பையன்.

அமெரிக்க விதிக்கு இந்த மரணங்களில் நேரடிப் பங்கு இல்லை. ஆனாலும் என்.இ.சி.யின் 6 அடி விலக்கை யாராவது என்னிடம் ஆதரித்துப் பேசினால் நான் முதலில் நினைப்பது அந்த நால்வரைத்தான். கூரைக்குள் கம்பியால் சாகிறவர் பெரும்பாலும் அதைப் போட்டவர் இல்லை. பல ஆண்டுகள் கழித்து வேறு வேலைக்கு ஏறுகிறவர். அவரை மனத்தில் வைத்து எழுதாத விதி பாதி விதி.

இனி சூடு. விதித்தொகுப்பு வாய் திறக்க வேண்டிய இடத்தில் மௌனமாக இருப்பது இதில்தான்.

கோடைப் பகலில் அட்டிக் காற்று 50 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். அரிசோனா போன்ற இடங்களில் 60-ஐயும் தாண்டும். கேபிள்களின் கரண்ட் அளவைச் சொல்லும் அட்டவணையோ 30 டிகிரியை வைத்து எழுதியது. சூடான இடமென்றால் திருத்தக் காரணியால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று விதி சொல்கிறது. அட்டிக்கை எத்தனை டிகிரி என்று கொள்வது? அதை மட்டும் சொல்வதில்லை. இதே நூல் கூரைக்கு மேலே வெயிலில் ஓடும் குழாய்களுக்கு 2008-இல் தனி அட்டவணையே கொடுத்தது. 2017-இல் அதைச் சுருக்கி, கூரையிலிருந்து முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் வரையான நெருக்கத்தில் ஓடினால் 33 டிகிரி கூட்டிக்கொள்ளச் சொன்னது. கூரைக்கு மேல் எவ்வளவு கூட்டுவது என்று எழுதத் தெரிந்தவர்களுக்குக் கூரைக்குக் கீழே எழுதுவது முடியாத காரியமில்லை. எழுதாததால் நடப்பது, வீட்டு வேலைகளில் பெரும்பாலும் யாரும் இந்தத் திருத்தத்தைப் போட்டே பார்ப்பதில்லை.

பிரிட்டன் வேறு வழியில் போயிருக்கிறது. அங்குள்ள பி.எஸ். 7671 விதி, சீலிங்குக்கு மேல் பஞ்சுக்கடியில் ஓடும் கேபிளுக்கென்றே தனித்தனிப் பத்திகள் வைத்திருக்கிறது. வீடுகளில் போடும் 2.5 சதுர மி.மீ. தட்டைக் கேபிள் சுவரில் திறந்தவெளியில் ஓடினால் 27 ஆம்பியர். சீலிங்கை ஒட்டிக் கட்டையில் அடித்து, மேலே 100 மி.மீ. வரை பஞ்சு இருந்தால் 21. பஞ்சு 100 மி.மீ.க்கு மேல் போனால் 17. கேபிள் நாலாபுறமும் பஞ்சில் புதைந்துவிட்டால் திறந்தவெளி அளவில் சரிபாதி. ஒரே கேபிள், கிடக்கும் இடத்தைப் பொறுத்து நான்கு எண்கள். அமெரிக்க விதியில் இரண்டு கேபிள் வரை பஞ்சுக்குள் கிடந்தாலும் எண் மாறுவதில்லை.

அமெரிக்க விதி அலட்சியமானது என்று இதை வைத்துத் தீர்ப்பெழுதினால் அவசரப்பட்டதாகும். கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்க 14 கேஜ் கம்பி 2.08 சதுர மி.மீ. பிரிட்டனின் ஆழ்பஞ்சுப் பத்தியில் 1.5-க்கு 13 ஆம்பியர், 2.5-க்கு 17, இடையில் 2.08-க்குச் சுமார் 15 வருகிறது. அமெரிக்காவில் அந்தக் கம்பிக்கு வைக்கும் பிரேக்கரும் 15 ஆம்பியர்தான். 12 கேஜ் 3.31 சதுர மி.மீ.; பிரிட்டிஷ் கணக்கில் 20-ஐ ஒட்டி வருகிறது, அமெரிக்கப் பிரேக்கரும் 20. சொல்லாமலேயே பஞ்சின் கழிவை அமெரிக்க எண் உள்ளடக்கியிருக்கிறது.

இன்னும் இருக்கிறது. பிரிட்டிஷ் கேபிளின் உறை 70 டிகிரி தாங்கும். 1984-க்குப் பின் வந்த அமெரிக்க என்.எம்-பி கேபிளின் உறை 90 டிகிரி தாங்கும். ஆனாலும் கரண்ட் அளவை 60 டிகிரிப் பத்தியைத் தாண்டி எடுக்கக் கூடாது. 70-க்கும் 90-க்கும் இடையிலான அந்த 20 டிகிரி வித்தியாசம் அட்டிக் சூட்டுக்கு விட்ட இடைவெளி. 30 டிகிரி அறையில் 70 வரை ஏறுவதும் 50 டிகிரி அட்டிக்கில் 90 வரை ஏறுவதும் ஒரே 40 டிகிரி ஏற்றம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் சுமை பிரேக்கர் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது. சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறுவது என்பதால் 80 சதவீதச் சுமையில் ஏற்றம் 26 டிகிரிக்குள் அடங்கிவிடும். 60 டிகிரி அட்டிக்கிலும் கம்பி 86-இல் நிற்கும். போதாக்குறைக்கு, 15 ஆம்பியர் சர்க்யூட்டை மணிக்கணக்கில் வாட்டும் 1,500 வாட் ஹீட்டர் ஓடுவது அட்டிக் குளிர்ந்து கிடக்கும் மாதங்களில். ஆக, தனியாக ஓடும் ஒரு புதிய 14 அல்லது 12 கேஜ் கேபிளைப் பொறுத்தவரை விதியின் மௌனம் யாரையும் கொன்றுவிடாது. இதை ஒப்புக்கொள்ளாத விமர்சனம் நேர்மையானதாகாது.

அந்த இடைவெளி எங்கே தீர்ந்துபோகிறது என்பதே கேள்வி. மூன்று இடங்களில்.

முதலாவது, பெரிய கேபிள்கள். கம்பி தடிக்கத் தடிக்கப் பஞ்சு அதன் சூட்டை மேலும் இறுக்கிப் பிடிக்கிறது. பிரிட்டிஷ் எண்கள் அமெரிக்க எண்களுக்குக் கீழே வழுக்கிக்கொண்டே போகின்றன. 10 கேஜில் அமெரிக்கா 30 ஆம்பியர் என்கிறது, பிரிட்டிஷ் கணக்கு 25. 8 கேஜில் 40-க்கு எதிரே 32. 6 கேஜில் 55-க்கு எதிரே 42-கூட எட்டவில்லை. ஹாலில் எரியும் விளக்குக்குக் கொடுத்த பாதுகாப்பு, மின்சாரக் காருக்குப் போகும் கேபிளுக்குக் கிடைக்கவில்லை. பேனல் வீட்டின் ஒரு கோடியிலும் கராஜ் மறுகோடியிலும் இருந்தால் சார்ஜர் கேபிளுக்கு அட்டிக்தான் சுருக்கு வழி; டாலஸ், ஹூஸ்டன் புறநகர்களில் புதுவீடு வாங்கிய நம்மவர் பலரும் இந்த வேலையைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறார்கள். 50 ஆம்பியர் பிரேக்கர், 6 கேஜ் கேபிள், 40 ஆம்பியர் சார்ஜர் என்பது என்.இ.சி.யின்படி முழுக்கச் சரி. வெப்பத் திருத்தம் போட்டாலும், 90 டிகிரிப் பத்தியின் 75-ஐ 60 டிகிரிக்கான 0.71-ஆல் பெருக்கினால் 53, தேறிவிடுகிறது. ஆனால் பஞ்சின் கழிவு அந்தக் கணக்கில் இல்லை. பிரிட்டிஷ் எண்ணைச் சேர்த்துப் பார்த்தால், 40 ஆம்பியர் சில மணி நேரம் ஓடும்போது கம்பி சுற்றுச்சூட்டைவிட 37 டிகிரி ஏறும். 50 டிகிரியில் 87, விளிம்பில் நிற்கிறது. 60 டிகிரியில் 97; உறையின் எல்லையைத் தாண்டிவிட்டது. கார் இரவில் சார்ஜ் ஆகிறது, இரவில் கூரை தணிந்திருக்கும் என்று ஆறுதல் சொல்லலாம். வீட்டில் சோலார் வைத்தவர்கள் பகலில்தானே சார்ஜ் போடுகிறார்கள்?

இரண்டாவது, கட்டுக்கட்டாகப் போகும் கேபிள்கள். சுவரின் தலைக்கட்டையில் ஒரு துளை போட்டு அதன் வழியாக மூன்று நான்கு கேபிள்களை ஒருசேர இறக்கி, சுற்றிலும் நுரையடித்து மூடுவது வழக்கம். தீ ஒரு மாடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமலிருக்க அந்த நுரை வேண்டியதுதான். இரண்டுக்கு மேற்பட்ட கேபிள்கள் இப்படி அடைபட்டால் அளவைக் குறை என்று 334.80 சொல்கிறது, இந்த ஒரு விஷயத்தில் விதி விழிப்பாக இருக்கிறது. மூன்று 12/2 கேபிள் என்றால் கரண்ட் ஓடும் கம்பிகள் ஆறு, காரணி 0.8. 30 ஆம்பியரில் 0.8 என்றால் 24, 20 ஆம்பியர் பிரேக்கருக்குத் தாராளம் என்று எலக்ட்ரீஷியன் மேலே போய்விடுகிறார். அதே துளை அட்டிக்கில் இருக்கிறது என்று நினைத்து 50 டிகிரிக்கான 0.82-ஆல் பெருக்கினால் 19.7. 60 டிகிரிக்கு 17. தரைத்தளத்தில் சட்டப்படி சரியான துளை கூரைக்கடியில் சட்டப்படியே தவறாகலாம். இரண்டு காரணிகளும் நூலில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும் என்பதும் இருக்கிறது. அட்டிக்கின் டிகிரியை எழுதியிருந்தால் பரிசோதகர் கேட்டிருப்பார். எழுதாததால் கேட்பதில்லை.

மூன்றாவது, பழைய கேபிள். 1984-க்கு முந்திய என்.எம். உறை 60 டிகிரிக்கானது. 51 முதல் 55 டிகிரி வரையான இடத்தில் அதற்கான காரணி 0.41, அதாவது 20 ஆம்பியர் கம்பி 8 ஆம்பியர் கம்பியாகிவிடுகிறது. 55-க்கு மேல் அட்டவணையில் எண்ணே இல்லை. இப்படிப்பட்ட வீட்டின் சீலிங் பெட்டியைத் திறந்து, விளக்கைக் கழற்றி, கம்பியை லேசாக வளைத்தால் உறை பொருக்குப் பொருக்காக உதிர்வதைக் காணலாம்: கீழே பல்பின் சூடு, மேலே கூரையின் சூடு. இன்று கடையில் வாங்கும் விளக்குகள் பலவற்றின் லேபிளில் 90 டிகிரி கம்பியோடு மட்டும் இணைக்கவும் என்று அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். இதைவிடப் பழையது, 1880-களிலிருந்து 1940-கள் வரை போட்ட பீங்கான் குமிழ் வயரிங். இரண்டு கம்பிகளும் தனித்தனியே, காற்றில் தொங்கி, காற்றாலேயே ஆறும்படி அமைத்தது. தொடாமல் விட்டால் பல வீடுகளில் இன்றும் நன்றாகவே இருக்கிறது. அதன் மேல் பஞ்சைக் கொட்டினால் ஆறும் வழி அடைபடுகிறது. 1987 முதல் என்.இ.சி. இதைத் தடுக்கிறது. ஆனால் பஞ்சு ஊதுபவரிடம் மின் விதி நூல் இருப்பதில்லை.

இந்த வரிசையில் சேராத, ஆனால் விட்டுவிட மனமில்லாத ஒன்று. பழைய அட்டிக்கில் பளபளக்கும் கூழாங்கல் போன்ற வெர்மிகுலைட் கிடந்தால் எந்த வயரிங் வேலையும் தொடங்கக் கூடாது. மோன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்ததில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது; 1990-இல் அது மூடப்படும்வரை அமெரிக்காவின் வெர்மிகுலைட்டில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. சோதித்து அறியும்வரை அதைக் கிளறாமல் இருப்பதே உயிருக்கு நல்லது.

சரி, கேபிளை எங்கேதான் போடுவது? உயரே கைமரங்களோடு கட்டிவிட்டால் மிதி இல்லை, பஞ்சும் இல்லை. ஆனால் வீட்டிலேயே அதிகம் கொதிக்கும் இடம் அதுதான். கூரை ஓடு போடுபவர் அடிக்கும் ஆணிகளும் பலகையைத் துளைத்து அங்கேதான் எட்டிப் பார்க்கின்றன. பஞ்சுக்கு மேலாகப் பரப்பிவிட்டால் அட்டிக் காற்றின் சூடு முழுவதும், எலியின் பல்லும் சேர்ந்து கிடைக்கும். பஞ்சின் நடு ஆழத்தில் தொங்கவிடுவது எல்லாவற்றிலும் மோசம், நாலாபுறமும் போர்வை. மிஞ்சுவது கட்டையின் பக்கவாட்டு, சீலிங் பலகைக்கு அருகே. கோடையில் பஞ்சின் மேல்முகம் 60 டிகிரியில் காயும்போது அதன் அடிமுகம் ஏ.சி. அறையின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சீலிங் பலகை வழியாகக் கேபிளின் சூடு அறைக்குள் இறங்கவும் வழியுண்டு. கீழிருந்து ஏறும் திருகுக்கு ஒன்றேகால் அங்குலம் விட்டால் போதும். குறுக்கே போக வேண்டிய இடத்தில் கட்டைகளைத் துளைத்துப் போகலாம்: துளை கட்டை உயரத்தில் மூன்றிலொன்றுக்கு மேற்படாமல், மேல் கீழ் விளிம்புகளிலிருந்து 2 அங்குலம் தள்ளி.

இந்த யோசனைக்கு ஒரு பெரிய தடை உண்டு. இன்றைய வீடுகளில் பெரும்பாலானவற்றின் கூரையைத் தாங்குவது தனிக்கட்டைகள் அல்ல, தொழிற்சாலையில் செய்து வரும் டிரஸ்கள். பொறியாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் டிரஸ்ஸில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. அங்கே குறுக்குவழி என்றால் பலகை அடித்து அதன் பக்கத்தில் கேபிளை ஓட்டுவதுதான். அந்தப் பலகை பஞ்சுக்கு மேலே தலைகாட்டும் உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது, மிதிக்க வருபவர் பார்த்துக்கொள்வார்.

எல்லாவற்றையும் இரும்புக் குழாய்க்குள் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சிகாகோ அப்படித்தான் செய்கிறது. வீடானாலும் உலோகக் குழாய்தான், பிளாஸ்டிக் உறைக் கேபிளுக்கு அங்கே இடமில்லை. கான்கிரீட் தளத்துக்குள் பைப் புதைத்தே பழகிய நமக்கு இது இயல்பாகப் படும். குழாய் காலையும் ஆணியையும் எலியையும் ஒரேயடியாக வெல்கிறது. பின்னாளில் கம்பியை மட்டும் உருவி மாற்றலாம். ஆனால் பஞ்சுக்குள் குழாயும் சூடேறும். குளிர்காலத்தில் வீட்டின் ஈரக்காற்று குழாய் வழியே ஏறி அட்டிக்கின் குளிரில் தண்ணீராகும் என்பதால் வாயை அடைக்க வேண்டும். செலவும் பலமடங்கு. மிதிக்கான மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்து, சூட்டுக்கு ஒன்றும் கொடுக்காத ஏற்பாடு இது. பொருள்கள் அடுக்கும் அட்டிக்குக்கும் எலித்தொல்லை தீராத வீட்டுக்கும் நான் இதைப் பரிந்துரைப்பேன். நாடு முழுவதற்கும் மாட்டேன். உள்ளே கம்பி நசுங்கிப் பொறிவிட்டால் சர்க்யூட்டை அறுக்கும் ஏ.எஃப்.சி.ஐ. பிரேக்கர் அதைவிட மிகக் குறைந்த செலவில் அதிகம் காக்கிறது. படுக்கையறைக்கு 2002 முதலும், பின்னர் பெரும்பாலான அறைகளுக்கும் விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய வீட்டு அட்டிக்கில் எதைத் தொடுவதற்கு முன்னும் அதை மாட்டச் சொல்வேன்.

தீர்ப்பு இது. 320.23-இன் காப்புச் சட்ட விதி நிலைக்கத் தகுந்தது. அதன் 6 அடி விலக்கு நீக்கப்பட வேண்டியது. இன்றைய கூரைக்குள் ஏறுகிறவர்கள் யார் என்று அதற்குத் தெரியவில்லை. 14, 12 கேஜ் ஒற்றைக் கேபிள்களுக்கு அமெரிக்க எண்கள் பிரிட்டனுக்கு இணையான பாதுகாப்பையே தருகின்றன, உறையின் தாங்குதிறனில் அதைவிடக் கூடுதலாகவே. 10 கேஜும் அதற்குத் தடித்த கேபிள்களும் ஆழ்ந்த பஞ்சுக்குள் ஓடும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. அதைச் சொல்ல விதியில் ஒரு பத்தி சேர வேண்டும், அட்டிக்கை இத்தனை டிகிரியாகக் கொள் என்று ஓர் எண்ணும் சேர வேண்டும். இவற்றில் பஞ்சுக்கான பத்தியில் பி.எஸ். 7671 முன்னே நிற்கிறது.

அந்தத் திருத்தம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு வழி எளியது. கார் சார்ஜருக்கும் அடுப்புக்கும் போகும் கேபிளை அட்டிக் தவிர்த்து, வெளிச்சுவரில் குழாய்க்குள் கொண்டுபோங்கள். முடியாதென்றால் ஓர் அளவு தடித்த கம்பி வாங்குங்கள், அல்லது சார்ஜரின் அமைப்பில் கரண்டை 32 ஆம்பியருக்குக் குறைத்துவிடுங்கள். ஏற்றம் 37 டிகிரியிலிருந்து 24-க்கு இறங்கிவிடும். மூன்றாவது கேபிளுக்குத் தனித்துளை போடுங்கள். பெர்மிட் எடுத்து, பஞ்சு மூடுவதற்கு முன்பே பரிசோதகரை அழையுங்கள். அவர் இறங்கிப்போனதும் ஒவ்வொரு ஓட்டத்தையும் பக்கத்தில் அளவுநாடா வைத்துப் படமெடுத்து, பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். இன்னும் பத்தாண்டு கழித்துக் குளியலறை விசிறி மாற்ற ஏறும் பையன் அதைப் பார்த்துவிட்டு ஏறட்டும்.